ஒரு போனில் தீர்ந்துவிடும் பிரிவு

கேள்வி: என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 36 அத்தியாயங்கள். திருச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியையான நாயகிக்கும் பி.காம். படித்த நாயகனுக்கும் 19ஆம் அத்தியாயத்தில் காதல் திருமணம். ஏஜென்டுக்கு 3 லட்சம் கட்டி, கணக்காளர் வேலைக்கென்று அவன் துபாய் போகிறான். அங்கே தற்செயலாகச் சந்தித்த கல்லூரித் தோழி அவனோடு எடுத்த செல்ஃபியை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு நாயகி பேச்சை நிறுத்திவிடுகிறாள். கல்யாணமான எட்டாம் மாதம் விவாகரத்து. கடைசியில் அவனுக்கு விபத்து, மருத்துவமனையில் இருவரும் சேர்கிறார்கள். படித்துப் பார்த்த தோழி, “ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே” என்கிறாள். எப்படிச் சரிசெய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் தோழி சொன்னது சரி. போனில் தீரக்கூடிய சந்தேகத்தைப் பதினைந்து அத்தியாயங்களுக்கு இழுத்தால், வாசகருக்கு நாயகி மேல்தான் எரிச்சல் வரும். ஆனால் செல்ஃபியைத் தூக்கிப் போட வேண்டாம். அதே படத்தில் வேறொன்றைத் தெரியவையுங்கள்.

படத்தில் அந்தக் கல்லூரித் தோழி சிரிக்கிறாள். பக்கத்தில் நாயகன். அவன் மேல் இருப்பது சூப்பர் மார்க்கெட் குடோன் ஊழியரின் சீருடை. பார்க்கிறவர்கள் எல்லாரும் “யாரும்மா அந்தப் பொண்ணு?” என்று கேட்க, நாயகியின் கண் மட்டும் சீருடையில் நிற்கிறது. கணக்காளர் என்று சொன்னவன் பெட்டி தூக்குகிறான். அன்றிரவே போன் செய்து தோழியைப் பற்றிக் கேட்கட்டும், அவனும் உண்மையைச் சொல்லட்டும். சந்தேகம் இரண்டே பக்கத்தில் முடிந்துவிடும். சீருடையைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் கூனிக்குறுகிப் போவான் என்று அவளுக்குத் தெரியும். அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள். அவனோ, ஏஜென்டுக்குக் கட்ட அவள் நகையை அடகு வைத்து வந்தவன், எந்த முகத்தோடு சொல்வான்? இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, இருவரும் அன்பினால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மௌனத்தைப் பதினைந்து அத்தியாயம் நீட்டினாலும் வாசகர் கூட வருவார்.

இதற்கு அடியில் போட வேண்டிய கணக்கைச் சரியாகப் போடுங்கள். துபாயில் மனைவியைத் தன் விசாவில் அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். கம்பெனி தங்குமிடம் தந்தால் 3,000 போதும். அவனுக்கு 2,200 திர்ஹமும் பெட்ஸ்பேஸ் எனப்படும், பலர் பங்கிட்டுக்கொள்ளும் அறையில் ஒரு கட்டிலும் என்று வையுங்கள். “எப்போ கூட்டிட்டுப் போவீங்க?” என்று அவள் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவன் ஏன் பேச்சை மாற்றுகிறான் என்பதற்கு அந்த எண்தான் காரணம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்க அனுமதிக்கப்பட்ட சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். உங்கள் ஏஜென்ட் 3 லட்சம் வாங்கியது சட்டவிரோதம். அதை மாற்றாதீர்கள், ஏமாந்தது நாயகனுக்கே தெரியவரும் காட்சி ஒன்றை எழுதுங்கள். நகைக்கடன் பொதுவாக ஓராண்டுக்குத்தான். வட்டியும் அசலும் கட்டாமல் போனால், கடன் வாங்கியவரின் வீட்டு முகவரிக்கு ஏல நோட்டீஸ் வரும். அந்தத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்குபவள் நாயகியாக இருக்கட்டும்.

அவள் ஏன் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை என்றும் வாசகர் கேட்பார். அவளைத் தகுதிகாண் பருவத்தில் (புரொபேஷனில்) வையுங்கள். நீண்ட விடுப்பு எடுத்தால் அந்தப் பருவம் முடிவது தள்ளிப்போகும். கடனை அடைக்க இருக்கும் ஒரே உறுதியான சம்பளமும் அவளுடையதுதான்.

பேச்சு எப்படிக் குறைகிறது என்பதையும் நேரக் கணக்கே பார்த்துக்கொள்ளும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அவன் ஷிஃப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு வந்தால் திருச்சியில் 12.30. அவளோ ஐந்தரைக்கு எழுந்து பள்ளிக்குக் கிளம்ப வேண்டியவள், அப்போது அங்கே விடிகாலை நான்கு. உங்கள் பிரதியில் இருவரும் வாட்ஸ்அப் வீடியோ காலில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், கால் போகாது. அங்கிருப்பவர்கள் ‘போட்டிம்’ போன்ற செயலிகளில்தான் வீட்டோடு பேசுகிறார்கள். வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடு நம்மூரில் தெருவுக்கு ஒன்று உண்டு, இந்தப் பிழையை உடனே பிடித்துவிடுவார்கள்.

விவாகரத்து அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். இந்து திருமணச் சட்டப்படி, கல்யாணமாகி ஓராண்டு முடியும்முன் விவாகரத்து மனு போட முடியாது. மனு போடுபவருக்கு அசாதாரணத் துன்பமோ எதிர்த்தரப்பிடம் அசாதாரண ஒழுக்கக்கேடோ இருந்தால் மட்டும் நீதிமன்றத்தின் தனி அனுமதியோடு போடலாம். பரஸ்பர சம்மதம் என்றாலும் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டபின் ஆறு மாதக் காத்திருப்பு இருக்கிறது. தகுந்த வழக்குகளில் இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. எட்டாம் மாதம் விவாகரத்து நடக்காது. வக்கீல் நோட்டீஸ் வருவது விவாகரத்தும் ஆகாது. கோபத்தில் அவளுடைய அண்ணன் நோட்டீஸ் அனுப்பவைக்கிறான் என்று வைத்தால் கதைக்கு அதுவே போதும்.

அடுத்தது அளவு. கல்யாணத்துக்குப் பின் வரும் சோதனைதான் உங்கள் நாவல், ஆனால் கல்யாணமே 19ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது. காமத்துப்பாலில் வள்ளுவர் களவுக்கு, அதாவது கல்யாணத்துக்கு முந்தைய காதலுக்கு, 7 அதிகாரம் கொடுத்தார், கற்புக்கு, அதாவது மணவாழ்க்கைக்கு, 18. அந்த விகிதத்தில் பார்த்தால் உங்கள் 36இல் காதலுக்குப் பத்து. பத்தாவதில் தாலி ஏறட்டும். கல்லூரி நாட்களில் வரும் மழைக் காட்சிகள் மூன்றில் இரண்டை விட்டுவிடலாம். நன்றாகத்தான் எழுதியிருப்பீர்கள், வெட்ட மனம் வராது. ஆனால் அவை ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. மிஞ்சுகிற ஒன்றில், பின்னால் உடையப்போகும் வாக்கு ஒன்றை நடுங்கள்: “எது நடந்தாலும் முதல்ல உங்கிட்டதான் சொல்லுவேன்.”

சண்டைக் காட்சிகள் நாவல் முழுக்க மூன்று இருந்தால் போதும். ஊடல் உப்பைப் போல, கொஞ்சம் நீண்டாலும் கரித்துவிடும் என்பதும் வள்ளுவர் சொன்னதே. மூன்றிலும் பெரிய விஷயத்தை நேராகப் பேசவிடாதீர்கள். கணவன் தும்மினான் என்பதற்காக “யாரை நினைத்துத் தும்மினீர்?” என்று அழுகிறவள் குறளில் இருக்கிறாள். உங்கள் நாயகி ரீசார்ஜ் செய்ய மறந்ததற்காகவும், அனுப்பிய படத்துக்கு வெறும் ‘ம்’ வந்ததற்காகவும் சண்டை போடட்டும். சண்டை சீருடையைப் பற்றியது என்று வாசகருக்கு மட்டும் தெரியும்.

விபத்து வேண்டாம். அடிபட்டுக் கிடப்பவனை யாரும் மன்னிப்பார்கள், அது பரிதாபம், அன்புக்கு அங்கே வேலையில்லை. இருவரும் சேரும் காட்சியில் யார் முதலில் வாய் திறக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். “எனக்கு அன்னிக்கே தெரியும்” என்று அவள் முந்திக்கொண்டால் அவன் மாட்டிக்கொண்டவன் ஆகிவிடுவான், நம்பிக்கை திரும்பாது. அவளுக்குத் தெரியும் என்பதே தெரியாமல், எல்லாவற்றையும் இழக்கத் துணிந்து அவன் சொல்ல வேண்டும். சம்பளம், கட்டில், நகை என்று ஒவ்வொன்றாக, எண்ணோடு சொல்லட்டும். அதன்பின் அவள் போனைத் திறந்து, மாதக்கணக்காகச் சேமித்து வைத்திருந்த அந்த செல்ஃபியைக் காட்டட்டும். அவள் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததும் அவனுக்கு வலிக்கும், அந்த வலிக்கும் ஒரு பக்கம் இடம் கொடுங்கள்.

வரிசையாகத் திருத்திக்கொண்டு வர வேண்டாம். முதலில் இந்தக் காட்சியை எழுதுங்கள். பிறகு செல்ஃபி அத்தியாயத்துக்குப் போய், அவள் சீருடையைப் பார்த்தும் கேட்காமல் விட்ட அந்த இரவை எழுதுங்கள். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால், நடுவில் எவை தேவையில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.