எரிமலைக் கண்ணாடியில் வாள் செய்யலாமா?

மாயக்கதைகள், கணினி விளையாட்டுகள், பகடை விளையாட்டுகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கான பக்கம் இது. இம்முறை அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி பற்றி வந்த கேள்விகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பாறையியல் படித்துவிட்டு மாயக்கதை வாசிப்பவனிடம் இதைக் கேட்டால் பதில் கொஞ்சம் நீளத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் எழுதும் மாயக்கதையில் நாயகிக்கு நான்கடி நீள அப்சிடியன் வாள். ஒரே கல்லில் செதுக்கியது. எரிமலையில் பிறந்தது என்பதால் எதிரிகளின் எஃகு வாள்களையே துண்டாக்குகிறது. படித்த நண்பர் சிரிக்கிறார். என்ன தவறு?

நண்பர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. அப்சிடியன் ஒரு கண்ணாடி. சிலிக்கா மிகுந்த கெட்டியான எரிமலைக் குழம்பு, படிகங்கள் வளர அவகாசம் கிடைக்காமல் இறுகினால் கிடைப்பது. அணுக்கள் ஒழுங்கான அடுக்கில் இல்லாததால் அதற்கென்று உடையும் திசை கிடையாது. அடித்தால் சிப்பியின் உள்பக்கம் போல வளைந்த பரப்பாக உடைகிறது. அப்படி இரண்டு பரப்புகள் சந்திக்கும் விளிம்பில்தான் அதன் பேர்போன கூர்மை இருக்கிறது. நன்றாகத் தட்டி எடுத்த விளிம்பு சுமார் 3 நானோமீட்டர் வரை மெலியும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் போட்டு, அதில் மூன்று பங்கை எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதற்குப் பக்கத்தில் எஃகு அறுவைக் கத்தியை வைத்துப் பார்த்தால், எஃகின் விளிம்பு கரடுமுரடாகத் தெரியும். கல்லாயுதம் செய்வதில் பேர்பெற்ற டான் கிராப்ட்ரீ என்ற அமெரிக்கர், 1970களில் தனக்கு நடந்த அறுவை சிகிச்சைக்குத் தன் கையாலேயே அப்சிடியன் தகடுகளைத் தட்டிக் கொடுத்தார். ஆய்வகத்தில் கைமாதிரியாக வைத்திருக்கும் துண்டை அசட்டையாக எடுத்துப் பாருங்கள். விரல் கீறியதே தெரியாது, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எரியும்.

அது சரி, ஆனால் எந்தக் காரணம் கூர்மையைத் தருகிறதோ, அதே காரணம்தான் அதை உடையவும் வைக்கிறது. உள்ளே ஒரு விரிசல் கிளம்பினால் அதைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. வைரத்துக்கு 10 தரும் மோஸ் கடினத்தன்மை அளவையில் அது 5 முதல் 5.5 வரைதான். எஃகு அரம் அதைக் கீறிவிடும். உங்கள் நாயகி முதல் வெட்டைத் தடுத்த கணமே கையில் பிடி மட்டும் மிஞ்சும்.

இந்தச் சிக்கலை மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். மக்குவாவிட்ல் என்ற அவர்களுடைய ஆயுதம் தட்டையான ஒரு மரக்கட்டை. ஓரங்களில் பள்ளம் வெட்டி, அதில் அப்சிடியன் தகடுகளை வரிசையாகப் பசை வைத்துப் பதிப்பார்கள். அடியின் வேகத்தையும் பாரத்தையும் மரம் தாங்கிக்கொள்ளும், வெட்டுவது மட்டும்தான் கல்லின் வேலை. ஒரு தகடு உடைந்தால் அதைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றைப் பதிக்கலாம். குதிரையின் கழுத்தையே இது வெட்டியதாக ஸ்பானியப் படைவீரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மாட்ரிட் அரச ஆயுதசாலையில் எஞ்சியிருந்த ஒன்றும் 1884இல் நடந்த தீவிபத்தில் போய்விட்டது.

உங்கள் கதைக்கு இது எவ்வளவு தீனி போடுகிறது பாருங்கள். நாயகி ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு உட்கார்ந்து தகடு மாற்ற வேண்டும். அதற்கு மூலக்கல் வேண்டும், கல்லுக்கு எரிமலை வேண்டும், எரிமலைக்கு வழி வேண்டும், அந்த வழி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி வரும். இதோ உங்களுக்கு ஒரு அரசியல் கிடைத்துவிட்டது. இன்னொன்றும் சொல்கிறேன். ஒவ்வோர் எரிமலையின் கண்ணாடியிலும் நுண்ணளவுத் தனிமங்களின் விகிதம் வேறு வேறு. ஒரு சில்லை ஆராய்ந்து, அது எந்த மலையிலிருந்து வந்தது என்று தொல்லியலாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். கொலையான மன்னனின் விலா எலும்பில் சிக்கிய சில்லை ஒரு கிழட்டு ரசவாதி எடுத்துப் பார்த்து, "இது வடக்கு மலைக் கல்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? உடையாத வாளை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை எழுதவே முடியாது.

கேள்வி: மைன்கிராஃப்டில் லாவா மேல் தண்ணீர் பட்டால் அப்சிடியன் ஆகிறது. நிஜத்திலும் அப்படித்தான் என்று என் மகள் அறிவியல் நோட்டில் எழுதியிருக்கிறாள். விடலாமா, திருத்தலாமா?

பாதி மதிப்பெண் போடுங்கள். சீக்கிரம் இறுகினால் கண்ணாடி ஆகும் என்பது சரி. ஆனால் தண்ணீர் கட்டாயமில்லை, குழம்பில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். படங்களில் சிவப்பாக ஆறு போல ஓடுகிறதே, அது பெரும்பாலும் சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு. அது கடலில் விழுந்தால் நீராவி கிளம்பும், வெடித்துச் சிதறும், கறுப்புக் கண்ணாடி மணல் கிடைக்கும். பளபளக்கும் பாளம் கிடைக்காது. அப்சிடியன் தரும், சிலிக்கா மிகுந்த ரயோலைட் குழம்பு ஓடாது, ஊர்ந்துதான் போகும். சிலி நாட்டின் கோர்டோன் காவ்லே எரிமலை 2011இல் வெடித்தபோது வெளியான அப்சிடியன் பாய்ச்சலை விஞ்ஞானிகள் நேரில் பார்த்து அளந்தார்கள். புதிய குழம்பு வருவது நின்ற பிறகும் அது மாதக்கணக்கில் நகர்ந்துகொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், மைன்கிராஃப்ட் இந்தக் கல்லின் குணத்தையே தலைகீழாக்கிவிட்டது. அங்கே டிஎன்டி வெடி வைத்தாலும் அப்சிடியன் அசையாது. வைரக் கடப்பாறையால் தோண்டினாலும் ஒரு கட்டிக்கு 9 விநாடிக்கு மேல் ஆகும். நிஜத்தில் சுத்தியலால் ஒரு தட்டு போதும். பாறையியல்காரனாக எனக்கு இது உறுத்த வேண்டும், ஆனால் விளையாடுகிறவனாக எனக்குப் பிடித்தே இருக்கிறது. நெருப்பும் நீரும் சேர்ந்தால்தான் பிறக்கும் பொருளால், நெருப்புலகத்துக்குப் போகும் வாசலைக் கட்ட வேண்டும் என்பது அழகான விதி. நெதர் வாசலுக்கு மூலைகளை விட்டுவிட்டால் 10 கட்டிகள் போதும். வைரமே இல்லாதவர்கள்கூட வாளியில் லாவாவை எடுத்து வந்து, வாசல் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊற்றி, தண்ணீர் விட்டு வார்த்துவிடுகிறார்கள். வேகப் போட்டிக்காரர்களின் வழி அதுதான்.

மகளிடம் இதையும் கேளுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் லாவாவில் தண்ணீர் பட்டால் என்ன வரும்? கோப்ள்ஸ்டோன் என்ற வெறும் கல்தான். அப்சிடியன் ஆவது, ஓட்டம் தொடங்கும் மூல லாவாக் கட்டி மட்டுமே. எந்தக் குழம்பு என்பதில் விளையாட்டும் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கிறது.

கேள்வி: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் ஒயிட் வாக்கர்கள் என்ற பனிப்பேய்களை டிராகன்கிளாஸ் (அந்த உலகில் அப்சிடியனின் பெயர்) கொல்கிறது. கதாசிரியர் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட விதியாகவே தெரிகிறது. வேறு காரணம் உண்டா?

பனியில் பிறந்ததை நெருப்பில் பிறந்தது கொல்லும் என்பது மேலோட்டமான காரணம். தொலைக்காட்சித் தொடர் 2016இல் இன்னொன்றைச் சேர்த்தது. முதல் ஒயிட் வாக்கரை உருவாக்கியதே ஒரு மனிதனின் நெஞ்சில் அழுத்திய டிராகன்கிளாஸ்தான். ஆக்கியதே அழிக்கிறது. எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது, ஆனாலும் கணக்கு உதைக்கவில்லை.

தொடருக்கு மூலமான நாவல் வரிசையில், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட மூன்றாவது நாவலில் இதைக் கையாண்டிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பயந்தாங்கொள்ளி சாம், தடுமாறி விழுகிற நிலையில் டிராகன்கிளாஸ் குத்துவாளால் பனிப்பேய் ஒன்றைக் கொன்றுவிடுகிறான். படிக்கிறவருக்கு, சரி, சர்வரோக நிவாரணி கிடைத்துவிட்டது என்று தோன்றும். பிறகு உயிரோடு எழுந்து வந்த ஒரு பிணத்தை அதே நம்பிக்கையில் குத்துகிறான். அது போட்டிருந்த இரும்பு வளையச் சட்டையில் பட்டு வாள் சில்லுச் சில்லாகச் சிதறுகிறது. கண்ணாடி கண்ணாடியாகவே நடந்துகொள்கிற அந்த ஒரு வரிக்காக நூறு மந்திர வாள்களை மன்னிக்கலாம்.

2019இல் வந்த கடைசிப் பருவத்தில் கொல்லன் பட்டறையிலிருந்து டிராகன்கிளாஸ் ஆயுதங்கள் குவியல் குவியலாக வெளியே வருவதைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. இதைச் செய்ய உலையும் சம்மட்டியும் உதவாது. மான் கொம்பும், மடியில் விரிக்க ஒரு தோலும், நிறையப் பொறுமையும்தான் வேண்டும். கொம்பின் முனையை வைத்து அழுத்தினால் ஓரத்திலிருந்து மெல்லிய சில்லுகள் தெறித்து வரும். அதை ஒரு காட்சியாக எடுத்திருக்கலாம், இறுதிப் போருக்கு முந்தைய இரவுக்குப் பொருத்தமான சத்தமாகவும் இருந்திருக்கும்.

கேள்வி: மந்திரவாதிகள் எல்லாக் கதைகளிலும் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துத்தான் எதிர்காலம் சொல்கிறார்கள். இதை ஆரம்பித்தது யார்?

ஆரம்பித்தவர் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. துருக்கியின் சத்தால்ஹூயுக்கில் சுமார் எட்டாயிரம் ஆண்டுகள் பழைய, மெருகேற்றிய அப்சிடியன் கண்ணாடிகள் கிடைத்திருக்கின்றன. மாயக்கதைகளுக்கு வந்து சேர்ந்த படிமத்துக்கு மூலம் மெக்சிகோ என்பேன். அங்கே தெஸ்கத்லிபோக்கா என்ற தெய்வத்துக்கு ஒரு பாதம் இல்லை. அந்த இடத்தில் புகை கிளம்பும் கறுப்புக் கண்ணாடி. இரவுக்கும் சூனியத்துக்கும் அதிபதி.

ஸ்பானியர் படையெடுப்புக்குப் பிறகு அந்தக் கண்ணாடிகளில் சில ஐரோப்பா போயின. முதலாம் எலிசபெத் அரசியின் ஆலோசகர் ஜான் டீ தேவதைகளோடு பேசப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் ஒன்று, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 2021இல் வெளியான ஆய்வு, அதன் வேதிக் கலவையை வைத்து அது மெக்சிகோவின் பச்சூக்கா பகுதிக் கல் என்று காட்டியது. ஆனாலும் நம் கதைகளில் அந்தக் கண்ணாடியைப் பிடித்திருப்பவர் எப்போதும் வெள்ளைத் தாடிக் கிழவர்தான்! யாராவது அதை முதல் சொந்தக்காரர்கள் கையில் திருப்பிக் கொடுத்து ஒரு கதை எழுதுங்கள்.

கேள்வி: ஸ்கைரிம் கணினி விளையாட்டில் கண்ணாடிக் கவசம் பச்சையாக இருக்கிறதே, எரிமலைக் கண்ணாடி கறுப்புதானே?

ஸ்கைரிமில் அதை மாலகைட் தாதுவிலிருந்து செய்கிறோம். நிஜ மாலகைட் செம்பு கலந்த ஒரு மென்மையான கனிமம், கவசத்துக்கு ஆகாது. அதே வரிசையில் முன்பு வந்த மாரோவிண்ட் விளையாட்டில் எரிமலைத் தீவில் தோண்டியெடுக்கும் கச்சாக் கண்ணாடி வரும். நிறத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல மாட்டேன். மேலே சொன்ன பச்சூக்கா அப்சிடியனை வெளிச்சத்தில் பிடித்தால் பச்சையாகவும் பொன்னிறமாகவும் மினுங்கும். ஆனால் அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு கதாயுதம் ஏந்தியவன் முன்னால் நிற்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

கேள்வி: என் கற்பனை உலகில் 50 கோடி ஆண்டுகள் பழைய அப்சிடியன் கோட்டை இருக்கிறது. ஏதாவது ஆட்சேபணை?

உண்டு. கண்ணாடி நிரந்தரமான நிலை இல்லை. காலப்போக்கில் நீரை உறிஞ்சும், உள்ளே மெல்லப் படிகங்கள் முளைக்கும், கடைசியில் மங்கிய சாதாரணப் பாறையாகிவிடும். டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தை விடப் பழைய அப்சிடியன் கிடைப்பதே அபூர்வம். கறுப்பில் வெள்ளைப் பூப்போட்ட 'ஸ்னோஃப்ளேக்' வகையைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூக்கள் கிறிஸ்டோபலைட் படிகங்கள், கண்ணாடி கல்லாக மாறத் தொடங்கியதன் அடையாளம். கோட்டைச் சுவரில் ஆண்டுக்காண்டு வெள்ளைப் பூக்கள் பரவுவதாகவும், மந்திரக் காவல் அதே அளவில் குறைவதாகவும் எழுதலாமே. சில லட்சம் ஆண்டுகள் என்று குறைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பகடை விளையாட்டுக் குழுவில் ஒருவர் அப்சிடியன் கத்தி கேட்கிறார். என்ன விதி வைப்பது?

ஐந்தாம் பதிப்பு விதிநூலில் அப்சிடியன் 10 பொற்காசு மதிப்புள்ள அலங்காரக் கல். அதற்கு மேல் பெரிதாக மரியாதை இல்லை. அதே விளையாட்டுக்கு 1991இல் வந்த டார்க் சன் என்ற கற்பனை உலகம்தான் இதற்கு உண்மையான வீடு. உலோகமே அரிதான பாலைவனம், எலும்பிலும் கல்லிலும் அப்சிடியனிலும் ஆயுதங்கள், அவை சண்டை நடுவே உடைவதற்கும் விதிகள்.

என் மேசையில் ஓடும் விதி இது. கவசமில்லாத எதிரிமேல் இருபது பக்கப் பகடையில் 19 விழுந்தாலே உச்ச அடி. உலோகக் கவசம் போட்டவரைத் தாக்கினாலோ, பகடையில் 1 விழுந்தாலோ கத்தி உடையும். உடைந்த முனை காயத்துக்குள் தங்கிவிட்டால், அதை எடுக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளி சேதம். ஒரு நல்ல மூலக்கல்லிலிருந்து ஓய்வு நேரத்தில் d6 (ஆறு பக்கப் பகடை) விழும் எண்ணிக்கைக்குத் தகடுகள் தட்டலாம். தட்டத் தெரியாதவர் முயன்றால் தன் விரலுக்கும் ஒரு புள்ளி. கல்பூதம் வந்தால் கத்தியை உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்று அந்த நண்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.