சுவரில் மாட்டும் குவில்ட் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

48 அங்குல அகலம், 60 அங்குல உயரத்தில் ஓவியம் மாதிரி நான் தைத்த குவில்ட் (இரு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) ஒரு கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறது. மேசையில் விரித்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சுவரில் மாட்டினால் ஓரமெல்லாம் அலை அலையாகப் புடைக்கிறது, மேலே கம்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. பேசாமல் கண்ணாடிச் சட்டம் போட்டுவிடலாமா? போர்வையைக் கலை என்று மாட்டுவதே அதிகம் என்று என் கணவர் வேறு கிண்டல் செய்கிறார்.

எல்.

அன்புள்ள எல்.,

கணவருக்கான பதிலை முதலில் முடித்துவிடுகிறேன். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குவில்ட்களை நவீன ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டியது. அவை கட்டிலுக்கென்று தைக்கப்பட்டவை. சுவருக்கென்றே தைப்பவர்களுக்காக 1979இல் ஒஹாயோவின் ஏதென்ஸ் ஊரில், பழைய பால்பண்ணைக் கொட்டகை ஒன்றில், ‘குவில்ட் நேஷனல்’ என்ற கண்காட்சி தொடங்கியது. அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டின் ‘தார் பீச்’ என்ற குவில்ட் (1988) நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கிண்டலுக்கு இது போதும்.

அலைதான் பெரிய விஷயம். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் இடம்விட்டும் தைத்திருப்பீர்கள். நெருக்கமான தையல் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து உள்ளே இழுக்கும். தையல் குறைந்த ஓரத்தில் துணி மிஞ்சிப்போகும். கட்டிலில் இந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியாது. செங்குத்தாகத் தொங்கும்போது மறைக்க வழியே இல்லை. ஓரத்திலும் நடுப்பகுதியின் அளவுக்கு நெருக்கமாகத் தையுங்கள். இஸ்திரியை அழுத்திச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், பாலியஸ்டர் பஞ்சு என்றால் சப்பையாகிவிடும்.

பிறகு ஈரப்படுத்தி இழுத்துக் காயவைக்க வேண்டும். அதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் ஒற்றிப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விட்டால் வேலை மொத்தமும் பாழ். சாயம் விடாவிட்டால் ஃபோம் பலகையில் விரித்து, சீராகத் தண்ணீர் தெளித்து, மூலைமட்டம் வைத்து நான்கு மூலையையும் நேராக்கி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு குண்டூசி குத்துங்கள். துருப்பிடிக்காத ஊசியாக இருக்கட்டும். பஞ்சுவரை நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஓரத்தை வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு நனைத்தால் கோணல் திரும்பி வரும். ஓரத்துக்குப் பட்டி கட்டாமல், இரண்டரை அங்குலத் துண்டுகளை வைத்துத் தைத்து முழுக்கப் பின்பக்கம் மடித்து எம்மிங் செய்துவிடுங்கள். பட்டி கட்டினால் படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி ஒரு கோடு விழும். உங்கள் வடிவத்துக்கு அது வேண்டும் என்றால் மட்டும் கட்டலாம்.

கம்பு துருத்துவதற்குக் காரணம், கம்பு நுழையும் துணிக்குழாயைத் தட்டையாக இழுத்துத் தைத்திருப்பது. 9 அங்குல அகலம், 48 அங்குல நீளத்தில் ஒரு துணி வெட்டி, இரு முனையும் ஒவ்வோர் அங்குலம் உள்ளே மடித்துத் தைத்து, நீளவாட்டில் குழாயாக்குங்கள். மேல் விளிம்பை முதலில் கையால் தையுங்கள். கீழ் விளிம்பைத் தைக்கும்முன் வெளிப்பக்கத் துணியை அரை அங்குலம் மேலே தள்ளி மடிப்பெடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளர்வுக்குள் கம்பு உட்கார்ந்துவிடும், முன்பக்கம் புடைக்காது. ஊசி அடித்துணியையும் பஞ்சையும் பிடிக்க வேண்டும், முன்பக்கம் தெரியக்கூடாது. குழாயின் வாயில் குவில்ட்டை ஒட்டிய பக்கத்தையும் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் மாட்டுபவர் அவசரத்தில் கம்பைக் குழாய்க்கும் குவில்ட்டுக்கும் நடுவே சொருகிவிடுவார்.

உருளைக் கம்பைவிட ஒன்றரை அங்குல அலுமினியப் பட்டை நல்லது. மரப்பட்டை என்றால் வார்னிஷ் பூசாமல் வைக்காதீர்கள். பூச்சில்லாத மரத்தின் அமிலம் துணியைப் பழுப்பாக்கும்.

கண்ணாடி வேண்டாம். துணியில் ஒட்டினால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும், தையல் போடும் நிழலும் போய்விடும். அந்த மேடுபள்ளம் தெரியத்தான் பக்கவாட்டில் விளக்குப் போடுகிறார்கள். ஒளி 50 லக்ஸைத் தாண்டக்கூடாது என்பது அருங்காட்சியகங்களில் துணிக்கு வைத்திருக்கும் வழக்கமான அளவு. ஜன்னல் எதிரே இடம் ஒதுக்கினால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். வெளுத்த சாயத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அனுப்பும்போது மடிக்காமல், அமிலமற்ற தாள் சுற்றிய குழாயில் முன்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். சுருக்கம் விழுந்தாலும் அடித்துணியோடு போய்விடும். தலைப்பு, ஆண்டு, அளவு, உங்கள் பெயர் எழுதிய துணித்துண்டைப் பின்பக்கக் கீழ்மூலையில் தைத்துவிடுங்கள்.