பூடில் கலப்பு நாய் முடி கொட்டாதா? ஒரே ஈற்றில் பிறந்த ரெண்டு குட்டிகளின் கதை

கேள்வி: காக்கபூ, லாப்ரடூடில் மாதிரியான பூடில் கலப்பு நாய்கள் முடி கொட்டாது, அலர்ஜி தராது, பிள்ளைகளோடு சாதுவாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் மட்டக்களப்பு வெக்கைக்கு எது தோதுப்படும்?

நான் கல்லடியில் இருக்கிறேன். நாலு வருசமாக எங்கள் வீட்டில் ஒரு காக்கபூ நிற்கிறது, பெயர் ரொமி. அதே ஈற்றில் பிறந்த இன்னொன்று ஆரையம்பதியில் என் மச்சான் வீட்டில் நிற்கிறது, அதன் பெயர் பஞ்சு. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே நாள் பிறப்பு. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சொந்தக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

காக்கபூ என்றால் காக்கர் ஸ்பானியலும் பூடிலும் கலந்தது. லாப்ரடூடில் என்றால் லாப்ரடோரும் பூடிலும். எங்களுக்கு விற்றவர் வாட்ஸ்அப்பில் சொன்னது மூன்றே வார்த்தை: கொட்டாது, மணக்காது, கடிக்காது. என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம் (ஆஸ்துமா). அதனால்தான் அந்த மூன்றில் முதலாவதைக் கேட்டதுமே நான் விழுந்துவிட்டேன்.

குட்டிகள் வான் வண்டியில் வந்து இறங்கின. பஞ்சுவுக்கு மூக்கின் ரெண்டு பக்கமும் குட்டி மீசை, வாயைச் சுற்றித் தாடி, உடம்பு முழுக்கச் சுருள். ரொமியின் முகம் வழுவழுவென்று இருந்தது. "இது கொஞ்சம் லேட்டாகத்தான் சுருளும்" என்றார் விற்றவர். அதற்காகவே முக்கால் விலைக்குத் தந்தார். நாலு வருசம் ஆகிவிட்டது, இன்னும் சுருளவில்லை.

ஏன் என்று பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, மற்றது மீசை தாடிக்கு. இந்த மீசை மரபணு தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், மீசை முளைத்துவிடும். அது இருக்கிற நாய்க்கு முடி கொட்டுவதும் குறைவு. தூய பூடிலையும் தூய காக்கரையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிகளை எஃப்1 என்பார்கள். அவை எல்லாமே மீசையோடுதான் வரும். ஆனால் கலப்புக்கும் கலப்புக்கும் பிறந்தது எஃப்2. அதில் கணக்குப்படி நாலில் ஒன்று மீசையில்லாமல் பிறக்கும், அது சாதாரண நாய் மாதிரிக் கொட்டும். எங்கள் குட்டிகள் எஃப்2. அந்த நாலில் ஒன்று ரொமி. ஆகவே குட்டி பார்க்கப் போகிறவர்கள் சுருளைப் பார்க்க வேண்டாம், மூஞ்சியைப் பாருங்கள். எட்டு வாரக் குட்டியின் சுருள் ஏமாற்றும், மீசை அவ்வளவாக ஏமாற்றாது.

கலப்பைத் திரும்பவும் பூடிலோடு சேர்த்தால் எஃப்1பி. கொட்டுவது இன்னும் குறையும், சுருள் கூடும். இதைத்தான் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கூடுதல் சுருள் என்றால் என்ன என்பதற்குத்தான் இப்போது வருகிறேன்.

பூடில் குளிர் நாட்டில் தண்ணீருக்குள் இறங்கி, சுடப்பட்ட வாத்தை எடுத்து வரவென்று வளர்க்கப்பட்ட நாய். ஜெர்மன் மொழியில் தண்ணீரில் சளப்பென்று அடிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. அதன் முடி எங்கள் தலைமயிர் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். (எங்கள் பக்கத்தில் மயிர் என்பது சாதாரணச் சொல், இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம்.) அந்த முடியும் உதிரும். ஆனால் நிலத்தில் விழாமல் பக்கத்துச் சுருளில் சிக்கிக்கொள்ளும். சிக்கியது சிக்காததையும் பிடித்து இழுக்கும். எட்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரைக்கும், குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் காலத்தில், இது மகா மோசம்.

மச்சான் வீட்டில் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். தினமும் மாலையில் பஞ்சுவுக்குப் பிரஷ் போடுவார்கள், பொய் சொல்லக்கூடாது. மேலே தடவிப் பார்த்தால் பெயருக்கேற்ற பஞ்சுதான். ஐப்பசி மழை தொடங்கி மூன்று கிழமை கழித்து அது காதைச் சொறிந்து அழத் தொடங்கியது. நான் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன், விரல் தோலுக்குப் போகவில்லை. இடையில் ஒரு தடுக்கு.

ஞாயிற்றுக்கிழமை விறாந்தையில் வைத்து முடி வெட்டும் மெசினால் எடுத்தோம். மச்சான் தலையைப் பிடித்தார், அவர் மனைவி கோழித் துண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார், நான் வெட்டினேன். காதுக்குப் பின்னால் தொடங்கி அக்குள் வரைக்கும் முடி தனித்தனியாக வரவில்லை, தும்புக் கால்மிதி மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. உள்பக்கம் ஈரம். அடித்தோல் சிவந்து, ஒரு இடத்தில் சீழ் கட்டி, நடுவில் மூன்று உண்ணி கொழுத்துக் கிடந்தன. நாற்றம் கைக்குள்ளேயே ரெண்டு நாள் நின்றது. மறுநாள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது காதுக்குள்ளும் புண் இருந்தது தெரிந்தது. தொங்கிய காது, உள்ளே முடி, மழைக்கால ஈரம், மூன்றும் சேர்ந்தால் அப்படித்தானாம்.

பிழை பிரஷில்தான். பிரஷ் மேலால் வழுக்கிக்கொண்டு போகும். பல் நெருக்கமான இரும்புச் சீப்பை எடுத்து, முடியைக் கையால் பிரித்து, தோல் தெரிகிற இடத்திலிருந்து வெளியே சீவ வேண்டும். சீப்பு தடக்காமல் போனால்தான் சீவியதாகக் கணக்கு. முக்கியமாக, குளிக்க வார்க்கும் முன்பு சீவ வேண்டும். சிக்கோடு நனைத்தால் காயும்போது இன்னும் இறுகும். எங்கள் ஊரில் கார்த்திகை மார்கழியில் சட்டையே ரெண்டு நாள் காயாது, இந்தச் சுருள் எப்படிக் காயும்?

கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால் இன்னொரு கூத்து. நாயுருவி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! ரொமியும் அதற்குள்ளால்தான் ஓடுகிறது, வீட்டுக்கு வந்து ரெண்டு தரம் உதறினால் பாதி போய்விடும். பஞ்சுவில் ஒட்டிய விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க மச்சானுக்கு முக்கால் மணி நேரம். உப்புத் தண்ணீரும் மணலும் கணக்கில் இல்லை.

சரி, ரொமி? கொட்டுகிறது. கதிரையில், மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில், ஒருமுறை சொதிக்குள்ளும். மனைவி கத்தியபோது மாமிதான் தீர்ப்புச் சொன்னா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது, ஆகவே மாமியின் சொல் வீட்டுச் சட்டம். "கொட்டுறத விளக்குமாத்தால கூட்டலாம் மருமகன். கொட்டாதத என்ன செய்யிற?"

அலர்ஜி விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதில் இதுதான் காசு விளையாடும் இடம்.

இந்தக் கதை முழுவதும் தொடங்கியதே ஒரு அலர்ஜியால்தான். 1980களில் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்கள் வளர்க்கும் நிறுவனத்தில் வேலை செய்த வாலி கொன்ரன் என்பவருக்கு ஹவாயிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. பார்வை குறைந்த ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் கணவருக்கு நாய் அலர்ஜி. முதலில் 33 பூடில்களைப் பழக்கிப் பார்த்தார், ஒன்றும் அந்த வேலைக்குச் சரிவரவில்லை. பிறகுதான் லாப்ரடோரையும் பூடிலையும் சேர்த்தார். பிறந்தது மூன்று குட்டி. முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. மூன்றில் ஒன்று! விற்பவர்கள் அந்த ஒன்றின் கதையைச் சொல்வார்கள், மற்ற ரெண்டையும் சொல்ல மாட்டார்கள். கொன்ரனே பிற்காலத்தில், இதைத் தொடங்கியதற்காக வருந்துவதாக 2019இல் ஆஸ்திரேலிய வானொலியில் வெளிப்படையாகச் சொன்னார்.

முடி அலர்ஜி தருவதில்லை. நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதங்கள்தான் தருகின்றன, அவற்றில் முக்கியமானதைக் கேன் எஃப் 1 என்பார்கள். முடி அதைச் சுமக்கிற வண்டி மட்டும். 2011இல் அமெரிக்காவில் 173 வீடுகளில் தூசி எடுத்துப் பார்த்தார்கள். அலர்ஜி தராது என்று சொல்லப்படும் நாய் நிற்கும் வீட்டுக்கும் மற்ற நாய் நிற்கும் வீட்டுக்கும் அந்தப் புரதத்தின் அளவில் வித்தியாசம் இல்லை. 2012இல் நெதர்லாந்தில் நாய்களின் முடியையே நேராக அளந்தார்கள். அலர்ஜி தராது என்ற வகைகளின் முடியில்தான் அது கூடுதலாக இருந்தது, பூடிலிலும் கூட. நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: லாப்ரடூடில் நின்ற வீடுகளில் நிலத்தூசியில் மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்தது. காற்றில் வித்தியாசம் இல்லை.

எங்கள் வீட்டு அனுபவம் இன்னும் கோணல். கொட்டுகிற ரொமியோடு மகள் முதல் மாதம் தும்மினாள், பிறகு அடங்கிவிட்டது. கொட்டாத பஞ்சுவின் கழுத்துக்குள் ஒரு சனிக்கிழமை பின்னேரம் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரீவி பார்த்தாள். இரவு கண் வீங்கி, இழுப்பு எடுத்து, இன்ஹேலர் வைத்துத்தான் தூங்கினாள். இதை வைத்துக் கொட்டுகிற நாய்தான் நல்லது என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். ஒரே இனத்துக்குள்ளேயே நாய்க்கு நாய் அந்தப் புரதத்தின் அளவு மாறும். ஆகவே பெயரை நம்பாமல், நீங்கள் வாங்கப் போகும் அதே நாயோடு அலர்ஜிக்காரரை நாலைந்து தரம், ஒவ்வொரு தரமும் ரெண்டு மணி நேரமாவது இருத்திப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத ஆளிடம் வாங்காதீர்கள். பிள்ளைக்கு ஏற்கனவே முட்டு இருந்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள், நான் கேட்காமல் செய்துவிட்டேன்.

நாங்கள் இப்போது ரொமியைப் படுக்கையறைக்குள் விடுவதில்லை. கிழமைக்கு ரெண்டு தரம் கிணற்றடியில் குளிக்க வார்க்கிறோம். குளிப்பாட்டினால் அந்தப் புரதம் குறையும், ஆனால் சில நாளில் திரும்பிவிடும், அதனால்தான் ரெண்டு தரம். இப்போது யோசியுங்கள்: அலர்ஜிக்காகக் கிழமைக்கு ரெண்டு தரம் நனைக்க வேண்டும், சுருளுக்காக ஒவ்வொரு நனைப்புக்கு முன்னும் பின்னும் தோல் வரை சீவி உலர்த்த வேண்டும். பஞ்சு மாதிரி நாய்க்கு இதைச் செய்ய வீட்டில் ஒரு ஆள் வேலையை விட வேண்டும்.

குணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பூடிலின் மூளையும் லாப்ரடோரின் பாசமும் என்று சமையல் குறிப்பு மாதிரி எழுதுவார்கள். பூடிலின் பதட்டமும் லாப்ரடோரின் துள்ளலும் சேரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே. 2022இல் 18,000க்கு மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு நாய் இன்னொன்றிலிருந்து குணத்தில் வேறுபடுவதில் இனத்தின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்று வந்தது. எங்கள் ரெண்டையும் பார்த்தாலே விளங்கும். ரொமி வாவிக் கரையில் கொக்கைக் கண்டால் கூப்பிட்டாலும் திரும்பாது, காக்கர் பறவை கிளப்புகிற நாய் அல்லவா. ஆனால் பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் கிடக்கும். தீபாவளி வெடிக்கு மட்டும் கட்டிலுக்குக் கீழே. பஞ்சு வெடிக்குப் பயப்படாது. தனியே விட்டால் மட்டும் கேற்றடியில் நின்று காலை எட்டிலிருந்து மூன்று வரை குரைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு தரம் வந்து கதைத்துவிட்டுப் போனார். அதன் சாதுத்தனம் ஆள் பக்கத்தில் இருக்கிறவரைக்கும்தான்.

நாங்கள் விட்ட பெரிய பிழை தாய் நாயைப் பார்க்காததுதான். கேட்டோம், "தாய் இப்போது வேறு இடத்தில் நிற்கிறது" என்றார்கள், ஒரு படம் அனுப்பினார்கள். அந்தப் படத்தில் நின்றது எங்கள் குட்டிகளின் தாய்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ஆளைக் கண்டு ஒளிகிற தாயா, வந்து மணந்து பார்க்கிற தாயா என்பதை நேரில் போய்ப் பார்த்திருந்தால், விற்பவர் சொன்ன மூன்று வார்த்தையையும்விட அது கூடுதலாகச் சொல்லியிருக்கும். கலப்பு என்றால் நோயே வராது என்பதையும் அப்படியே விழுங்க வேண்டாம். லண்டன் மிருக வைத்தியக் கல்லூரி 2024இல் மூன்று பூடில் கலப்புகளை அவற்றின் தாய் தகப்பன் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டது. செய்த ஒப்பீடுகளில் 86.6 சதவீதத்தில் வித்தியாசமே இல்லை.

வெக்கைக்கு எது தோது என்று கேட்டீர்கள். கட்டை முடி ஊர்நாய்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இல்லை, பூடில் கலப்புத்தான் வேண்டும் என்றால் சின்னதாக எடுங்கள், முடியை ஒரு அங்குலத்துக்கு மேல் வளர விடாதீர்கள், மழைக்கு முன் புரட்டாதியிலேயே ஒட்ட வெட்டிவிடுங்கள். முகநூல் படங்களில் வருகிற கரடிப் பொம்மை மாதிரி இருக்காது, ஆனால் சொறியாது.

முடிவெடுக்க முன்பு சுருள் நாய் ஒன்றை நேரில் பார்க்க விரும்பினால், ஆரையம்பதியில் மச்சான் வீட்டுக்கு ஞாயிறு காலையில் யார் போனாலும் வரவேற்பு உண்டு. முதலில் பிளேன்டீ தருவார்கள், அடுத்தது சீப்பு.