குஞ்சைப் பார்க்காதீர்கள், வளர்ந்த மீனைப் பாருங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்புறம் 12 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டியிருக்கிறேன். ஒரு சாண் நீளத்தில் இரண்டு ரெட் டெயில் கேட்ஃபிஷ் (சிவப்பு வால் கெளுத்தி), அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சில்வர் அரோவானா விட்டிருக்கிறேன். கூட இருந்த சின்னத் தங்கமீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன. இப்போது நண்பர் ஒருவர் அரப்பைமா குஞ்சு தருவதாகச் சொல்கிறார். "இடத்துக்குத் தக்கபடிதான் மீன் வளரும், பயப்படாதே" என்கிறார். வாங்கி விடலாமா? இந்த மீன்களுக்கெல்லாம் உயிர்மீன் போட்டுத்தான் வளர்க்க வேண்டுமா?

பதில்: அரப்பைமாவை வாங்காதீர்கள். உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அந்த மீனை நேரில் பார்த்த யாருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் உங்கள் குளத்தின் அகலம் 8 அடி, அதாவது சுமார் 2.4 மீட்டர். அமேசான் படுகையின் இந்த மீன் சாதாரணமாகவே 2 மீட்டரைத் தாண்டி வளரும். வளர்ப்புப் பண்ணைகளில் ஒரே ஆண்டில் 10 கிலோ எடைக்கு வந்துவிடுகிறது. உங்கள் குளத்தில் அது நீந்தாது, திரும்பித் திரும்பி நிற்கும், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. அரப்பைமா செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. பத்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து வாய் நிறையக் காற்றை விழுங்கியாக வேண்டும். நீர்ப்பரப்பை ஒட்டி வலையோ மூடியோ போட்டுத் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். வளர்ந்த அரப்பைமாவை வலையில் பிடிக்கப் போனால், அது துள்ளி முட்டுகிற முட்டில் ஆளுக்கே பலமாக அடிபடும்.

"இடத்துக்குத் தக்கபடி வளரும்" என்பதைப் பலரும் சொல்கிறார்கள். அது உண்மை இல்லை. இடம் போதாத தண்ணீரில் கழிவு சேர்ந்துகொண்டே போகும். மீன் சரியாகத் தின்னாது, வளர்ச்சி தடைப்படும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு "அளவோடு நின்றுவிட்டதே" என்று தோன்றும். கூர்ந்து பார்த்தால் முதுகு வளைந்திருக்கும், தலை மட்டும் பெரிதாகவும் உடம்பு குட்டையாகவும் இருக்கும். பல ஆண்டுகள் வாழ வேண்டிய மீன் சீக்கிரமே செத்துப்போகும். அப்படி நின்றுபோனது நோய், வளர்ச்சியின் எல்லை அல்ல.

சரி, ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற மீன்களுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கவலை அந்த இரண்டு ரெட் டெயில்கள்தான். இன்றைக்கு ஒரு சாண் இருக்கிற மீன் இரண்டு ஆண்டுக்குள்ளேயே இரண்டு அடியை எட்டிவிடும். முழு வளர்ச்சியில் ஒரு மீட்டரைத் தாண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

உங்கள் தங்கமீன்கள் எங்கே போயின என்பதை அறிய, இருட்டிய பிறகு ஒரு டார்ச்சோடு குளக்கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பகலில் மூலையில் கல்லைப் போலக் கிடக்கும் ரெட் டெயில், இரவானதும் மீசைகளை முன்னால் நீட்டித் தரையைத் தடவிக்கொண்டே மெல்ல வரும். தூங்குகிற மீனின் மேல் மீசை பட்டதும் வாய் அகலத் திறக்கும். கடிப்பதோ துரத்துவதோ கிடையாது. திறந்த வாய்க்குள் தண்ணீரோடு சேர்ந்து இரையும் இழுபட்டுப் போய்விடும். வாய்க்குள் நுழைகிற எதையும் அது விழுங்கும், கல், ஹீட்டர் வயரின் கிளிப், ஸ்பாஞ்ச் துண்டு உட்பட. அதனால் குளத்துக்குள் உதிரியாக எதுவும் கிடக்கக் கூடாது. குடல் அடைத்துச் சாகிற ரெட் டெயில்கள் உண்டு.

உங்கள் அரோவானாவும் ஒல்லியான மீன். ரெட் டெயில்கள் இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அதையும் விடமாட்டா. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அரோவானாவை வைத்துக்கொண்டு, ரெட் டெயில் இரண்டையும் இப்போதே, சின்னதாக இருக்கும்போதே, பெரிய குளம் உள்ள அனுபவசாலி ஒருவரிடம் கொடுத்துவிடுவேன். சாண் அளவு மீனை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள். மூன்றடி மீனை எடுத்துக்கொண்டு போனால் பொது மீன்காட்சிச்சாலைகளே வேண்டாம் என்று சொல்லும். இப்படி ஒப்படைக்க வருகிறவர்கள் அங்கே ஏராளம். இல்லை, ரெட் டெயில்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குளம் அதற்கே கடைசி அளவு.

அரோவானாவுக்கு உங்கள் குளம் போதும். முழுதாக வளர்ந்தால் மூன்றடி வரும். ஆனால் வலை கட்டாயம். அமேசானில் வெள்ளம் புகுந்த காடுகளில், தண்ணீருக்கு மேலே தாழ்ந்த கிளையில் இருக்கும் பூச்சியை எம்பிப் பிடித்துத் தின்கிற மீன் அது. உங்கள் வீட்டில் ஒரு விளக்கு சட்டென்று எரிந்தாலும் எம்பும். காலையில் தரையில் காய்ந்து கிடக்கும் அரோவானாவைப் பார்ப்பதைப் போன்ற வேதனை மீன் வளர்ப்பவருக்கு வேறில்லை. நீர்ப்பரப்பிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயரத்தில், சட்டம் போட்டு இறுக்கமாக வலை கட்டுங்கள். தொய்வான வலையில் செதில் மாட்டிக் கிழியும். அந்த வலையே கொக்கையும் பூனையையும் தடுக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வலை மட்டும் போதாது, குளத்தைச் சுற்றி வேலியும் வேண்டும்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பெரிய மீன்கள் சாவது பெரும்பாலும் இதனால்தான். உங்கள் குளத்தில் சுமார் 10,800 லிட்டர் பிடிக்கும். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். இரைகொல்லி மீன் தின்பது முழுக்கப் புரதம். அதன் கழிவில் வரும் அம்மோனியாவும் அதற்கேற்ப அதிகம். ஃபில்டருக்குள் வளரும் பாக்டீரியாதான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம். புது ஃபில்டரில் இந்த பாக்டீரியா நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சின்னதாக ஏறியிருந்தாலும் அன்றைக்குத் தீனியை நிறுத்தித் தண்ணீரை மாற்றுங்கள். பம்ப், குளத்துத் தண்ணீர் முழுவதையும் மணிக்கு ஒரு தடவை, குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது ஃபில்டர் வழியாகச் சுற்ற வைக்கும் திறன் உள்ளதாக இருக்கட்டும். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், கணக்குப் பார்த்தால் 2,500 லிட்டருக்கு மேல். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து போடாமல் விடாதீர்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் பாக்டீரியா செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சிமென்ட் குளம் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். புது சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, ஏறும். பி.எச். ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகும். உங்கள் குளத்தின் பி.எச். எட்டரைக்கு மேல் நின்றால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, குளத்தைப் பல தடவை நிரப்பி வடித்து, மீனுக்குத் தீங்கில்லாத பூச்சு அடியுங்கள்.

வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. 20-க்குக் கீழே இறங்கினால் தின்பது குறையும், நோய் எளிதில் ஒட்டும். குளிர்காலம் உள்ள ஊராக இருந்தால் பத்தாயிரம் லிட்டரைச் சூடாக வைப்பது பெரிய வேலை. முன்கூட்டியே வீட்டுக்குள் தொட்டி ஏற்பாடு செய்யுங்கள். வெயில் காலத்தில் எதிர்ப்பக்கச் சிக்கல். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். மின்சாரம் போனாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்க வேண்டும். விடியற்காலையில்தான் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றனவா என்று அந்த நேரத்தில் பாருங்கள்.

உயிர்மீன் தேவையே இல்லை. அதனால் வரும் ஒட்டுண்ணியும் நோயும் ஒரு பக்கம் இருக்கட்டும். தங்கமீனின் உடம்பில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ அழிக்கும். தொடர்ந்து தங்கமீனையே போட்டு வளர்த்த மீனுக்கு நரம்புத் தளர்ச்சி வரும், நிலைதடுமாறி நீந்தும். இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, ஒரு மீன் துண்டை நீளக் குச்சியில் செருகி நீர்ப்பரப்பில் ஆட்டுங்கள். அரோவானா பாய்ந்து வந்து பிடிக்கும். அப்புறம் மிதக்கும் பெல்லட் தீனிக்குப் பழக்கலாம். தோலோடு இறால், பூச்சிகள் எல்லாம் கொடுக்கலாம். ஆட்டுக் கொழுப்பு, கோழிக் கொழுப்பு மட்டும் வேண்டாம். அது மீனுக்குச் செரிக்காது. வளரும் மீனுக்குத் தினம் ஒரு வேளை, வளர்ந்த ரெட் டெயிலுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை போதும்.

யாரும் வாங்கவில்லை என்றால் ஆற்றிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடலாம் என்ற எண்ணம் மட்டும் வரவே கூடாது. பனாமாவில் 1960-களில் குளத்தில் வளர்க்கக் கொண்டுவந்த பீகாக் பாஸ் என்ற இரைகொல்லி மீன் தப்பி, கட்டூன் ஏரிக்குள் புகுந்தது. சில ஆண்டுகளில் அங்கிருந்த உள்ளூர் மீன் இனங்கள் பெரும்பாலானவை அந்த ஏரியிலிருந்தே காணாமல் போயின. கனமழையில் உங்கள் குளம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று இப்போதே பார்த்து, வழிவாயில் உறுதியான கம்பிவலை போடுங்கள். சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அரப்பைமா இருக்கிறது. ஆசிய அரோவானா (உங்களுடைய சில்வர் அரோவானா அல்ல) முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய ஆவணம் இல்லாமல் யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

ரெட் டெயில்களை இடம் மாற்றும்போது கைவலையைப் பயன்படுத்தாதீர்கள். பக்கத் துடுப்பின் முள் வலையில் சிக்கிக்கொள்ளும், பிரிக்கப் போனால் மீனுக்கும் காயம், உங்கள் கைக்கும் காயம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, மீனை மெல்ல அதற்குள் ஒதுக்கி, தண்ணீரோடே தூக்குங்கள். முந்தைய நாள் தீனி போட வேண்டாம்.