சிப்காட்டில் முதல் வேலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலூர் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். அப்பாவுக்குப் பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை. கேம்பஸில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆஃபர் லெட்டர் கொடுத்திருக்கிறது. சேரும் தேதி போடவில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் பரீட்சை முடிந்ததும் வரச் சொல்கிறார்கள். சம்பளம் குறைவு, முதல் வருஷம் 'டிரெய்னி'. சின்ன கம்பெனிக்குப் போனால் அங்கேயே முடங்கிவிடுவாய் என்கிறார்கள் சீனியர்கள். என்ன செய்யட்டும்?

ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

தேதி போடாத ஆஃபரைப் பத்திரமாக வையுங்கள். அதை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம்.

சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. முடங்குகிறவர்கள் பெரும்பாலும் டெஸ்பாட்ச்சில் சலான் எழுதவும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அட்டெண்டன்ஸ் போடவும் போனவர்கள். அப்படிப்பட்டவர்கள் பெரிய கம்பெனியிலும் இருக்கிறார்கள். அதனால் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், டிரெய்னியை எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள். இன்ஸ்பெக்‌ஷன், சிஎன்சி செட்டிங் (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷினைத் தயார் செய்வது), புராசஸ் ஷீட் (எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று எழுதுவது) இதில் ஏதாவது ஒன்று என்றால் தைரியமாகச் சேரலாம். நானாக இருந்தால் இன்ஸ்பெக்‌ஷன் கேட்பேன். ஷாப்பில் நடக்கும் அத்தனை தப்பும் கடைசியில் அந்த மேஜைக்குத்தான் வந்து சேரும்.

அங்கே என்ன கற்கலாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். டிராயிங்கில் 25 எம்எம் ஷாஃப்ட் (உருளைத் தண்டு), சின்ன 'எச்' 7 என்று இருக்கிறது; விட்டம் எவ்வளவு குறையலாம் என்பதற்கான குறியீடு அது. அதாவது 25.000-க்கும் 24.979-க்கும் இடையில் இருக்க வேண்டும். மொத்த டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் வித்தியாசம், 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது எம்எம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கல்லூரி லேபில் நீங்கள் பிடித்த வெர்னியர் காட்டும் மிகச் சின்ன அளவு (லீஸ்ட் கவுண்ட்) 0.02 எம்எம், அதாவது 20 மைக்ரான். அதை வைத்து இந்த ஷாஃப்டைப் பாஸ் செய்வது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதுதான். அளக்கும் கருவி டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்காவது நுட்பமாக இருக்க வேண்டும் என்பது ஷாப் கணக்கு. இங்கே 1 மைக்ரான் காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் வேண்டும். பல சின்ன ஷாப்களில் வெர்னியரோடுதான் காலம் ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

அடுத்தது சூடு. அளவுகளுக்கான தர வெப்பநிலை 20 டிகிரி. மே மாசத்து வேலூரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மைக்ரோமீட்டரும் ஸ்டீல், ஜாப்பும் (மெஷினில் செய்யும் பொருள்) ஸ்டீல், இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் பெரிய வித்தியாசம் வராது. லேத்திலிருந்து கழற்றிய கையோடு அளக்கும்போதுதான் வம்பு. 100 எம்எம் விட்டமுள்ள ஸ்டீல் ஜாப் மைக்ரோமீட்டரைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் ஏறத்தாழ 23 மைக்ரான் பெருத்திருக்கும். அந்த விட்டத்துக்கு 'எச்' 7-இல் டாலரன்ஸே 35 மைக்ரான்தான். இரவு ஷிப்டில் ஓகே ஆன ஜாப் காலையில் ஆறியதும் அண்டர்சைஸ் ஆகிவிடும்; ஆபரேட்டர் மேல் பழி விழும். அலுமினியம் ஸ்டீலைப் போல் இரண்டு மடங்கு விரியும் என்பதால் ஷாப்பின் சூட்டிலேயே கணக்கு மாறிவிடும்.

இப்படி ஒரு ரிஜெக்‌ஷனின் காரணத்தைக் கண்டுபிடித்தால் அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்: என்ன பார்ட், என்ன மெட்டீரியல், எந்த மெஷின், டாலரன்ஸ் எவ்வளவு, என்ன மாற்றினீர்கள், மாற்றிய பிறகு நூற்றுக்கு எத்தனை தேறியது. கஸ்டமர் டிராயிங்கை போனில் படமெடுக்காதீர்கள், வேலை போகும். இரண்டு வருஷம் கழித்து ஸ்ரீபெரும்புதூரிலோ ஓரகடத்திலோ இன்டர்வியூவுக்குப் போகும்போது இந்த நோட்டிலிருந்து நாலு வரி ரெஸ்யூமில் இருந்தால் போதும். 'ஹார்ட் வொர்க்கிங், டீம் பிளேயர்' என்பதை யாரும் படிப்பதில்லை.

கடைசி செமஸ்டர் புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்காதீர்கள். அதே மெஷின் ஷாப்பில் போய், அடிக்கடி ரிஜெக்ட் ஆகும் ஒரு பார்ட்டைக் கேட்டு, அதற்கு ஒரு செக்கிங் ஃபிக்ஸ்சர் (பார்ட்டைப் பொருத்தி அளவு சரியா என்று பார்க்கும் சட்டம்) செய்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உங்களை எங்கே போடுவார்கள் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இனி காகிதங்கள். 'டிரெய்னி' என்றால் எந்த வகை என்று கேளுங்கள். அப்ரென்டிஸ் சட்டப்படி பதிவு செய்த கிராஜுவேட் அப்ரென்டிஸ் என்றால் ஒரு வருஷம் ஸ்டைபண்ட், முடிவில் சான்றிதழ். பிஎஃப் கிடையாது, பிறகு வேலை தருவார்கள் என்ற கட்டாயமும் கிடையாது. தென் மண்டலத்துக்கு இந்தப் பயிற்சியைக் கவனிக்கும் வாரியத்தின் அலுவலகம் சென்னை தரமணியில். அப்படியில்லாமல் கம்பெனி வைத்துக்கொண்ட பெயர்தான் டிரெய்னி என்றால் பொதுவாக பிஎஃப் பிடிக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் அது சட்டம். மாசம் கொஞ்சம் குறைகிறதே என்று வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த கம்பெனி உங்கள் அனுபவத்தைச் சரிபார்க்கும்போது யுஏஎன் (பிஎஃப் எண்) கணக்கில் இருக்கும் தேதிகளைத்தான் பெரும்பாலும் பார்க்கும்.

இத்தனை மாசம் விலகமாட்டேன் என்று பாண்ட் கேட்டால் எத்தனை மாசம், எவ்வளவு பணம் என்று எழுத்தில் வாங்கி, ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள். ஒரிஜினல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், சிப்காட்டில் பக்கத்து கேட்டைத் தட்டுங்கள்.