பழைய டோர்ச்சுக்குப் புதிய ஒளி

கேள்வி: அப்பப்பா பாவித்த, மூன்று பெரிய பற்றரிகள் போடும் உலோக டோர்ச் லைட் ஒன்று என்னிடம் உள்ளது. குமிழைக் கழற்றிவிட்டு 1 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்றை நேரடியாகப் பொருத்தினேன். சில நிமிடங்களில் கருகிவிட்டது. எங்கே பிழை விட்டேன்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: பழைய குமிழின் இழை சூடேறும்போது அதன் தடை கூடுவதால், மின்னோட்டம் தானாகவே ஓர் அளவில் நின்றுவிடும். எல்.இ.டி.க்கு அந்தக் குணம் இல்லை, ஏறத்தாழ 3.2 வோல்ட்டில் நன்றாக ஒளிரும் அதற்கு, நீங்கள் கொடுத்தது 4.5 வோல்ட். ஆகவே 4.7 ஓம், 1 வாட் தடையி ஒன்றைத் தொடராக இணையுங்கள், மின்னோட்டம் 0.28 அம்பியர் அளவில் அடங்கிவிடும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 'ரெசிஸ்டர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

அதைவிட முக்கியமானது வெப்பம். எல்.இ.டி.யின் அடியிலுள்ள அலுமினியத் தகட்டுக்கு வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டை மெல்லியதாகப் பூசி, டோர்ச்சின் உலோக உடலோடு இணையும் தடித்த அலுமினியத் துண்டொன்றில் இறுக்கிப் பொருத்தாவிட்டால், தடையி இருந்தும் அது நெடுநாள் உழைக்காது. மூடியிலுள்ள சுருள்வில்லில் பற்றரி கசிந்த வெண்பூப் படிந்திருந்தால், அரத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்துவிடுங்கள்.

ஒளிக்கற்றை சிதறினால் எல்.இ.டி.யைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஒளியை முன்னோக்கித் திருப்பும் பளபளப்பான கிண்ணமான தெறிப்பியின் குவியத்தில் அது அமரும் இடம் ஒரு மில்லிமீற்றரிலேயே தவறிப்போகும். அப்பப்பாவின் குமிழை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.