சிறுநீரகக் கல்: துளையா, லேசரா?

கேள்வி: இடது சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் 14 மி.மீ. கல் இருக்கிறது. முதுகில் துளையிட்டு எடுக்கலாம் என்று திருநெல்வேலியிலும், துளையே வேண்டாம், லேசர் போதும் என்று நாகர்கோவிலிலும் சொல்கிறார்கள். எது நல்லது? துளையிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடாதா? வாழைத்தண்டுச் சாறு குடித்து வருகிறேன். சென்ற வாரம் குளிர்காய்ச்சல் வந்து, தம்பிக்கு வாங்கி மீந்திருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் சரியாகிவிட்டது.
- வாசகர், வள்ளியூர்

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குளிர்காய்ச்சலுக்குத்தான் முதலில் வழி பார்க்க வேண்டும். கல் சிறுநீர்ப் பாதையை அடைத்து, அடைபட்ட சிறுநீரில் கிருமி பெருகினால், அது இரத்தத்தில் கலந்து சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அந்த நிலையில் எந்த மருத்துவரும் கல்லில் கை வைக்க மாட்டார். சிறுநீர்ப் பாதைக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயோ, முதுகு வழியாக ஒரு குழாயோ வைத்துச் சிறுநீரை வடியவிட்டு, கிருமி அடங்கிய பிறகே கல்லை எடுப்பார். தம்பியின் மாத்திரை காய்ச்சலை அடக்கியிருக்கலாம்; கிருமி போய்விட்டது என்று பொருளில்லை. அரைகுறையாக விழுங்கிய மாத்திரையால், சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகவும் கூடும் என்பதால், அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு நாளையே மருத்துவரிடம் சென்று, சிறுநீர் கல்ச்சர், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), ஸ்கேன் மூன்றையும் பாருங்கள். மீண்டும் குளிர் நடுக்கம் கண்டாலோ சிறுநீர் குறைந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்காவது உடனே போய்விடுங்கள்.

துளையிடுவதால் சிறுநீரகம் கெடாது. 1976 முதல் வழக்கத்தில் உள்ள முறை அது. சாதாரண முறையில் 8 முதல் 10 மி.மீ. அகலம் வரை துளை தேவைப்படும். ‘மினி’ முறையில் 5 முதல் 7 மி.மீ. போதும். துளை தானே ஆறி மூடிக்கொள்ளும். இரத்தக்கசிவுக்கு வாய்ப்பு சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் கல் பெரும்பாலும் ஒரே தடவையில் வெளியேறிவிடும். மற்றொரு முறையில், சிறுநீர் வரும் வழியாகவே ஏறக்குறைய 3 மி.மீ. பருமனுள்ள வளையும் கருவியைச் செலுத்தி, லேசரால் கல்லைப் பொடியாக்குகிறார்கள். வெட்டுக் கிடையாது, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் அடிப்பகுதிக் கல்லை எட்டுவதற்குக் கருவி மிகவும் வளைய வேண்டும்; உடைந்த துகள்கள் அங்கேயே தேங்கினால் இரண்டாம் தடவையும் தேவைப்படலாம். 20 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லாக இருந்தால் துளைமுறையைத்தான் முதலில் சொல்வோம். உங்களுடையது இடைப்பட்ட அளவு என்பதால், இரு மருத்துவர்கள் சொன்னதும் சரியே. தூலியம் லேசர், ஹோல்மியம் லேசரைவிடக் கல்லை நுண்ணிய பொடியாக்கும். அதற்காக வீடியோ பார்த்து லேசரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் மருத்துவருக்கு எந்த முறை நன்றாகக் கைவந்திருக்கிறதோ அதற்கே சம்மதியுங்கள்.

வாழைத்தண்டைத் தாராளமாகச் சாப்பிடலாம், 14 மி.மீ. கல் அதில் கரையாது.

கல்லை எடுத்தபின் டிஜே ஸ்டென்ட் (முன்பு சொன்ன மெல்லிய குழாய்தான்) வைத்தால், அதை எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வலியில்லையே என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டு, ஸ்டென்ட்டின் மீதே கல் படிந்த பிறகு வருபவர்கள் உண்டு; அதை எடுப்பது முதல் கல்லை எடுத்ததைவிடக் கடினம்.